பிலோமினாவின் தலையில் வலை முடிச்சு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட அது மேல். அறுபத்திரண்டு வயதான, எனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு பெண்மணியின் தலையில், மீன் வலைக்குப் போடும் முடிச்சை முப்பத்தெட்டு இடங்களில் போட்டேன். கை தவறிப் போட்டதில்லை. நன்றாக யோசித்து, பெருமையோடு, பாதி விசிலடித்துக்கொண்டே போட்டேன். வலை முடிச்சைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இழுத்தால் இறுகும், நனைந்தால் இன்னும் இறுகும், மீன் எவ்வளவு துள்ளினாலும் அவிழாது. அதுதான் அதன் சிறப்பு. கடலில்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்குத் தலையில் முடி கிடையாது. நாற்பதில் நெற்றியில் தொடங்கிய பாலைவனம் இந்த ஐம்பத்து மூன்றில் பிடரிவரை பரவி, இப்போது காதோரம் மட்டும் கொஞ்சம் புல் மிச்சம். அப்படிப்பட்டவன் செயற்கை நாரை வாங்கி, வீட்டில் உட்கார்ந்து, அடுத்தவருக்குச் சடைமுடி திரிக்கக் கிளம்பியதை என் மனைவி மல்லிகா ஒரே வரியில் முடித்துவிட்டாள். “பசித்தவன்தான் சமையல் குறிப்பு படிப்பான்.”

நான் இருப்பது ரோட்டர்டாமில். வந்து இருபத்திரண்டு வருடமாகியும் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் காபிக்குக் கூப்பிடுவதென்றால் முதலில் நாட்காட்டியைத் திறப்பார். மூன்றாவது வியாழக்கிழமை, மாலை மூன்றரை. நாமும் போய், ஒரு கோப்பை காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். காசிமேட்டில் எங்கள் சந்தில் கதவைத் தட்டுபவன் போலீஸ்காரன் மட்டும்தான். மற்றவர்கள் நேரே அடுப்படிக்கு வந்து, “இன்னா கொயம்பு?” என்று மூடியைத் திறப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு மூன்றாவது வியாழக்கிழமை என்பது கொஞ்சம் தூரம்.

எங்கள் மாடியில் நாட்காட்டி இல்லாமல் வருபவர் ஒருவர்தான், எதிர்க்கதவு பிலோமினா. அந்தப் பெயரைக் கதவில் பார்த்த நாளிலேயே எனக்குப் பாதி ஊர் வந்துவிட்டது. ராயபுரத்தில் என் பள்ளி வகுப்பில் மட்டும் இரண்டு பிலோமினாக்கள் இருந்தார்கள். இவர் கேப் வெர்டேக்காரர். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, நடுக்கடலில் கிடக்கிற தீவுகள் அவை. தன்னுடையதும் மீன்பிடிக் குடும்பம் என்று ஒருமுறை சொல்லத் தொடங்கினார். நான் உடனே என் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டதால் அவர் குடும்பத்தைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முப்பது வருடம் வளர்த்த சடைமுடி அவருக்கு. டிரெட்லாக் என்கிறார்களே, அதுதான். இடுப்புக்குக் கீழே வரும். ஒவ்வொரு சடையும் ஒரு தடிமன், ஒவ்வொன்றும் ஒரு நிறம், சிலவற்றின் நுனியில் இளமைக் காலத்துச் சாயம்கூட மிச்சம். போன குளிர்காலத்தில் தலைக்குள் ஒரு கட்டி என்று சொல்லி, அறுத்து எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் சடை மொத்தமும் போய்விட்டது. வலது காதுக்கு மேலே ஒரு தழும்பும், தலை முழுக்க மூன்று அங்குல முடியும் இருந்தன.

பிரச்சினை அழகு அல்ல. பிலோமினாவின் அம்மாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. கண் பார்வை போய் ஆறு வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகள் தீவுக்குப் போகும்போது, அம்மா அவரைத் தன் கால்மாட்டில் உட்காரவைத்து, உச்சியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு சடையாக உருவிவிடுவாராம். அவருக்கு மகளின் முகம் அதுதான். அறுவைச் சிகிச்சையைப் பற்றி பிலோமினா ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய அண்ணன் ஒருவர் வெளிநாட்டு மருத்துவமனைக்குள் போனவர், திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் மருத்துவமனை என்ற சொல்லுக்கே ஒரே அர்த்தம்தான். “அம்மாவுக்கு இது தெரிந்தால் என்னை உயிரோடு உட்காரவைத்துக்கொண்டே ஒப்பாரி வைப்பாள்” என்றார். விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது. இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும்.

கடைகளில் சடை கிடைக்கிறது. எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிமன், பள்ளிக்கூட வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. அம்மாவின் விரல் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும் என்றார் பிலோமினா. கையால் திரித்தால்தான் மேடு பள்ளம் வரும். அப்படித் திரித்துக் கொடுக்கும் பெண்களிடம் கேட்டால், இங்கேயும் நாட்காட்டி. அவர் பயணம் முடிந்த பிறகுதான் இடம் இருந்தது.

நான் அப்போது வீட்டில் சும்மா இருந்தேன். துறைமுகத்தில், கப்பல் மேல் அடுக்கிய கன்டெய்னர்கள் சரியாமல் இரும்புக் கம்பி கொடுத்து முறுக்கிக் கட்டுவது என் வேலை. அந்தக் கம்பி ஒன்று வழுக்கியதில் வலது தோளில் தசை கிழிந்துவிட்டது. ஆறு மாதம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று உத்தரவு. ஊருக்கு இதைச் சொல்லவில்லை. காசிமேட்டில் இருக்கும் வசந்தா அக்காவிடம் நீண்ட லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பிலோமினா அம்மாவிடம் மறைப்பதைக் கேட்டு, ‘பாவம், எத்தனை நாள் மறைக்க முடியும்’ என்று நான் உச்சுக்கொட்டிய அதே வாரத்தில்தான் இதையும் சொன்னேன்.

“நான் செய்து தருகிறேன்” என்றேன் பிலோமினாவிடம்.

“இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?”

“எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இதுதான் வேலை.”

நான் சொன்னது வலை. அவர் நினைத்தது சடை. எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி வந்த டச்சு மொழியில் அந்த இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. அவர் கண்ணில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகு அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

நான்கு தலைமுறை என்பதிலும் கொஞ்சம் வடிகட்ட வேண்டியிருக்கிறது. மூன்று தலைமுறை கடலுக்குப் போனது. நான்காவது தலைமுறையான நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும், கரை கண்ணுக்கு மறைவதற்கு முன்பே குடல் வாய்க்கு வந்துவிட்டது. உப்பளத்தில் பிறந்தவனுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாத கதை. அப்பா ஒன்றும் திட்டவில்லை. “இவன் கரையில இருக்கட்டும், கடலாவது சுத்தமா இருக்கும்” என்றார். அதன் பிறகு கிழிந்த வலைக்கு முடிச்சுப் போடும் வேலை எனக்கு. மீதி நேரத்தில் கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தேன். அதுவும் ஒருவகையில் கரையில் உட்கார்ந்தே கடலுக்குப் போகிற வேலைதான்.

அக்கா வீட்டு மாடியில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். பால் காய்ச்ச வரச்சொல்லி அழைத்திருந்ததால் ஐந்து வாரப் பயணம் முன்பே முடிவாகியிருந்தது. பெட்டியில் சாக்லேட் வைக்க வேண்டிய இடத்தில் மூன்று கிலோ செயற்கை முடி நாரை வைத்தேன். கருப்பு, பழுப்பு, நடுநடுவே கொஞ்சம் நரை. சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி ஒரு கொத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“முடிங்க. செயற்கை முடி.”

அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு நாரைப் பார்த்தார். மறுபடியும் என் தலையைப் பார்த்தார். “கோயில் கோயிலா மொட்டை போட்டு, மூட்டை கட்டி, ஒலகத்துக்கே முடி அனுப்பறது இந்த ஊரு. நீங்க பிளாஸ்டிக்ல இங்க எடுத்துனு வரீங்க.” பெட்டியை மூடிக் கொடுக்கும்போது மிகவும் கனிவாகச் சேர்த்துக்கொண்டார். “எதுனா மருந்து இருந்தா பாருங்க சார்.”

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. விடியும் முன் காசிமேட்டில் ஏலம் எடுத்து, டோல்கேட் பக்கம் உட்கார்ந்து மீன் விற்று, பதினொரு மணிக்குள் வீடு திரும்பிவிடுவாள். அவளுடைய கணவர் ஏழுமலை மாமா விசைப்படகிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது நிழல் இருக்கும் இடமாகப் பார்த்து வலை தைக்கிறார். பால் காய்ச்சிய மறுநாளே மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே என் தொழிற்சாலையைத் திறந்தேன்.

வேலை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. நாரில் ஒரு கொத்து பிரித்து, நடுவில் மடித்து, மடித்த இடத்தில் காது மாதிரி ஒரு வளையம் விட்டுக் கொக்கியில் மாட்ட வேண்டும். சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி எதிர்வாக்கில் வாரி வாரிச் சிக்காக்க வேண்டும். பிள்ளைகளின் தலையில் அம்மாக்கள் எடுக்கிற சிக்கை நாம் பாடுபட்டு உண்டாக்குகிறோம், அவ்வளவுதான். சிக்கானதை முறுக்கி, குரோஷா ஊசியை உள்ளே விட்டு விட்டு இழுத்து, பிரிந்து நிற்கும் நாரையெல்லாம் உள்ளுக்குள் அடக்கிவிட வேண்டும். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். கடைசியில் கொதிக்கும் நீரில் முக்கி எடுத்தால் அந்த வடிவம் அப்படியே நின்றுவிடும். எல்லாமே மடியில் வைத்துச் செய்கிற வேலை. தோளுக்குச் சிரமமில்லை.

முதல் சடையை முடித்துவிட்டுப் பெருமையாக மாமாவிடம் நீட்டினேன். அவர் வாயிலிருந்த பீடியை எடுத்து, சடையின் நுனியைச் சுட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நைலான் கயிற்றை வெட்டியதும் பிரியாமலிருக்க நுனியைச் சுடுவது காசிமேட்டில் குழந்தைக்கும் தெரிந்த முறை. இன்னும் வெட்கக்கேடு, நான் அடுத்த இரண்டு சடையையும் அவரிடமே சுடக் கொடுத்தேன். ஆறியதும் பார்த்தால் மூன்று நுனியிலும் கறுப்புக் கண்ணாடி மாதிரி கூர்மையாக ஒரு பல். கழுத்தில் பட்டால் ரத்தம் வரும்.

“இன்னா மச்சான், சுறாப்பல்லு வச்சிக்கினு போவுமா அந்தம்மா?” என்றார் மாமா. மூன்றையும் தூக்கிப்போட்டேன்.

கொதிநீருக்குப் பாத்திரம் கேட்டபோது அக்கா சமையல் பாத்திரம் தர மறுத்துவிட்டாள். “பிளாஸ்டிக்க எந்த வூட்லடா சோத்துப் பானைல வேவுப்பாங்க? கலீஜு. நண்டு அவிக்கிற குண்டான் கீது, எடுத்துக்கோ.” எடுத்துக்கொண்டேன். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று நம் மொழியில் ஒரு பெரிய தகராறே நடந்ததாகச் சொல்வார்கள். செயற்கைக் கூந்தலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. உண்டு. நண்டு மணம்.

இரண்டு வாரத்தில் முப்பத்தொன்பது சடைகள் சேர்ந்தன. துணிக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டேன். எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த காற்றில் அவை முப்பத்தொன்பதும் ஒன்றாக ஆடியதைப் பார்க்க எனக்குக் கவிதையாக இருந்தது. எதிர் மாடித் தனலட்சுமிக்கு வேறு மாதிரி இருந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில், தலையில் தானாகச் சடை விழுந்தால் அம்மன் குறிவைத்துவிட்டாள் என்று அர்த்தம். அதை வெட்டக்கூடாது, கேலி செய்யக்கூடாது. தனலட்சுமி குளித்து, மஞ்சள் குங்குமத்தோடும் ஒரு கொத்து வேப்பிலையோடும் படியேறி வந்து நின்றார்.

“வசந்தாக்கா, உங்க மாடில ஆத்தா எறங்கிக்கீதா?”

“ஆமா, பிளேன்ல வந்து எறங்கிச்சி” என்றாள் அக்கா, மீன் செதிலைக் காலிலிருந்து உரித்துக்கொண்டே. பிறகு உண்மையையே சொன்னாள். தூர தேசத்தில் ஓர் அம்மாள், தலையில் ஆபரேஷன், பெற்றவளுக்குக் கண் தெரியாது, மகள் மறைக்கிறாள், என் தம்பி வேலையில்லாமல் முடி திரிக்கிறான். ‘வேலையில்லாமல்’ என்ற சொல்லைச் சற்று நிதானமாகவே சொன்னாள்.

தனலட்சுமி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “ஒண்ணு குடு” என்று கேட்டு வாங்கி, மஞ்சள் தடவி, சந்து முனை அம்மன் கோயில் வேம்பில் கட்டிவிட்டு வந்தார். “பேரு இன்னா அந்தம்மாவுக்கு?” என்று கேட்டுக்கொண்டார். பிலோமினா என்றதும், “நம்ம பேருதான்” என்றார். இப்படித்தான் முப்பத்தொன்பது முப்பத்தெட்டானது.

அன்று மாலை சடைகளைக் கொடியிலிருந்து எடுக்கும்போது அக்கா கொடியின் மறுமுனையில் நின்றிருந்தாள். நான் இடது கையாலேயே எட்டி எட்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“உனக்குத்தான் லீவுன்ன. கைக்குமா லீவு வுட்டாங்க?”

“ஒருக்களிச்சிப் படுத்துட்டேங்க்கா. பிடிச்சிக்கிச்சி.”

“ம்” என்றாள். துணியை மடித்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

கிளம்பும் வாரம் மாமாவிடம் சடையை எப்படித் தலையில் மாட்டுவது என்று விளக்கினேன். சொந்த முடியில் சிறு கற்றை பிரித்து, சடையின் காதுக்குள் இழுத்து, அதோடு சேர்த்துப் பின்னி, அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் போட வேண்டும். இரண்டு மாதம் கழித்து ரப்பரை வெட்டினால் கழன்றுவிடும். மாமா பீடியைக் கீழே வைத்தார். விஷயம் முக்கியம் என்றால்தான் அப்படிச் செய்வார்.

“ரப்பரா? அது மாவு பாக்கிட்டுக்குப் போட்றதுபா. அந்தம்மா நடந்து போவசொல்ல ஒண்ணு அவுந்து ரோட்ல வுயுந்தா இன்னா ஆவும்? பெத்தவ கையில அவுந்து வந்தா? யாரு மானம் போவும்? அந்தம்மாவுதா? காசிமேட்டு மானம் மச்சான்.”

எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியென்று பட்டது. இருபத்திரண்டு வருடம் கன்டெய்னர் கட்டியவன் நான். என் உலகத்தில் கட்டு என்றால் அவிழக்கூடாது. அவிழ்ந்தால் ஆள் சாவான். அவிழ்வதற்கென்றே கட்டுவது என்ற எண்ணம், வலைக்காரனுக்கும் இல்லை, துறைமுகக்காரனுக்கும் இல்லை. கறுப்பு நைலான் நூல் இரண்டு கண்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ரோட்டர்டாம் திரும்பி, ஏழு முறை ஷாம்பூ போட்டு அலசியும் நண்டு போகவில்லை. பிலோமினா ஒரு சடையை மூக்கருகே கொண்டுபோனார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, “கடல்” என்றார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் என் தவறை ஏற்றுக்கொண்டதில்லை. அவரைத் தாழ்வான முக்காலியில் உட்காரவைத்து, ஒரு ஞாயிறும் ஒரு திங்களும் சேர்த்து முப்பத்தெட்டையும் மாட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் நைலான் நூலால் வலை முடிச்சு. உபரி நூலை ஒட்ட வெட்டிவிட்டேன், பார்க்க லட்சணமாக. கண்ணாடியில் பார்த்த பிலோமினா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். சடைகள் இடுப்பில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டார்.

“இதை எப்படிக் கழற்றுவது?”

“கழலவே கழலாது” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் கேட்டது ஒரு சந்தேகம். நான் சொன்னது ஒரு சபதம். அவருடைய முகம் ஒரு கணம் நின்று மறுபடியும் நகர்ந்ததை அப்போது நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். குளித்திருக்கிறார், நூல் இறுகியிருக்கிறது. தழும்புக்கு அருகே இருந்த சடை இழுத்துப் பிடிக்கிறது, அந்த ஒன்றை மட்டும் தளர்த்தித் தரமுடியுமா என்றார். ஊசியெடுத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மூக்குக்கண்ணாடி மாற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்து மல்லிகா வேலையிலிருந்து வந்து, தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்து வழக்கப்படி முதலில் நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி அவள் முயன்றாள். நூலும் கறுப்பு, முடியும் கறுப்பு, இரண்டும் சேர்ந்து ஒரு கடுகு அளவுக் கல். கத்தரி வைத்தால் முடிச்சோடு சேர்ந்து பிலோமினாவின் சொந்த முடியும் அடியோடு போய்விடும். முப்பத்தெட்டு இடத்திலும் அப்படி என்றால் அம்மாவின் கைக்குத் தழும்பைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

“என்ன இது, முடிச்சா பூட்டா?” என்றாள் மல்லிகா என்னிடம் தமிழில்.

பிலோமினாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். “விட்டுவிடுங்கள்” என்றார் டச்சில். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று வசதியாக இருந்திருக்கும். ஐந்து நாள் கழித்துத் தலைவலி மாத்திரை ஒரு பட்டையையும் முப்பத்தெட்டு முடிச்சுகளையும் எடுத்துக்கொண்டு தீவுக்குப் பறந்துவிட்டார்.

எதிர்க்கதவு ஒரு மாதம் மூடியே இருந்தது. அதுவரை அந்தக் கதவைப் பார்த்தால் எனக்கு ராயபுரம் ஞாபகம் வரும். இப்போது பார்த்தால் தழும்புதான் ஞாபகம் வந்தது. இரண்டு முறை செய்தி அனுப்பினேன், ‘எல்லாம் நலமா’ என்று. ‘நலம். வந்து சொல்கிறேன்’ என்று பதில் வந்தது. வெளிநாட்டில் வாழ்கிற நமக்கு இந்த வாக்கியம் தெரியாததா? நானே ஊருக்கு எத்தனை முறை அனுப்பியிருக்கிறேன்.

வந்தார். நாட்காட்டி இல்லாமல், கதவைத் தட்டிக்கூட முடிக்காமல், நேரே உள்ளே வந்தார். தலையில் ஒரு சடை கூட இல்லை. ஆனால் சொந்த முடி முழுவதுமாக இருந்தது, நான்கு அங்குலத்துக்கு வளர்ந்து. ஒரு ரொட்டிப் பொட்டலத்தையும், காகிதத்தில் சுற்றிய ஒற்றைச் சடையையும் மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

போய் இறங்கிய அன்று மாலையே அம்மா அவரைக் கால்மாட்டில் உட்காரவைத்திருக்கிறார். கை உச்சியிலிருந்து இறங்கியது. முதல் சடை சரி. இரண்டாவது சரி. மூன்றாவதின் அடியில் விரல் நின்றுவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தக் கடுகை உருட்டிப் பார்த்தாராம். “இது வலை முடிச்சு. உன் முடி எங்கே?” என்று கேட்டாராம்.

அந்த அம்மாள் ஐம்பது வருடம் வலை தைத்தவர். நான் அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம்.

பிலோமினாவுக்கு அழுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அம்மா அழவில்லையாம். தன் பழைய மர ஊசியைத் தேடி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மதியத்திலிருந்து நான்கு மதியங்கள், வாசலில் நாற்காலி போட்டு, ஒரு முடி அறுபடாமல் முப்பத்தெட்டையும் அவிழ்த்திருக்கிறார். கண் தெரிந்த நானும் மல்லிகாவும் ஒன்றுகூட அவிழ்க்க முடியாத முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கேள்வி கேட்டாராம். யார் பக்கத்தில் இருந்தார்கள், வலித்ததா, இரவில் யாரைக் கூப்பிட்டாய் என்று. முப்பது வருடம் தொலைபேசியில் பேசாததையெல்லாம் அந்த நான்கு மதியங்களில் பேசியாகிவிட்டது. கடைசி நாள் சடைகளெல்லாம் போன பிறகு தழும்பை மெல்லத் தடவி, “நன்றாகத் தைத்திருக்கிறார்கள்” என்றாராம், ஒரு கிழிசல் அடைத்த வலையைப் பார்ப்பதுபோல.

“உங்களைப் பற்றியும் சொன்னாள்” என்றார் பிலோமினா. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “முடிச்சு நல்ல முடிச்சுதான், ஆனால் போட்டவன் கரை ஆள், கடலுக்குப் போனவன் இல்லை என்றாள். ஈரக் கையோடு ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டி வந்தவன் நூலின் வாலை இவ்வளவு ஒட்ட வெட்டமாட்டானாம்.”

என் அப்பா இறந்து பதினெட்டு வருடமாகிறது. அவர் ஊரறியாமல் மறைத்து வைத்திருந்த ஒரு உண்மையை, நான் கால்வைக்காத ஒரு தீவில், கண் தெரியாத ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஆக, நான் திரித்த முடி இன்று மூன்று ஊர்களில் இருக்கிறது. முப்பத்தேழு அந்தத் தீவில், அம்மாவின் வாசலருகே, பழைய வலை மாட்டிய அதே ஆணியில். ஒன்று காசிமேட்டுச் சந்து முனை வேம்பில், மஞ்சள் பூசிக்கொண்டு. இன்னொன்று ரோட்டர்டாமில் என் வீட்டுக் கோட்டு மாட்டும் கொக்கியில். மூன்று ஊரிலும் கடல்தான். எங்கே காற்று அடித்தாலும் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் எந்த ஊர்க்காரன் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் முதலில் அந்தக் கொக்கியைத்தான் பார்க்கிறேன். இன்னும் நண்டு வாசனை இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தொலைபேசியில் அழைத்து முழுக் கதையையும் சொன்னேன். சுறாப்பல், வலை முடிச்சு, கரை ஆள் எதையும் விடவில்லை. பின்னால் மாமா சிரிப்பது கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. யாரோ மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் வந்தது. அது அடங்கியதும் சொன்னாள்.

“ஏன்டா, கண்ணு தெரியாத அந்தம்மாவே வெரல வச்சிக் கண்டுபுடிச்சிடுச்சி. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் கீது. தோளு இப்ப எப்டி கீது, சொல்லு.”